நீலக் கலர் லாரி

ஸ்டேஷன் டெலிபோன் அலறியது.

சார்ஜன் நாகையா அப்போதுதான் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் கறியில் முக்கியிருந்தார். இடது கையால் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ, போலீஸ்..."

"லாரி! லாரி சார்...! பொண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

"எந்த லோரி? எந்தப் பொண்ணு? மெதுவா சொல்லுங்க லா."

"வாட்ச்மேன் மண்டை ஒடஞ்சு கெடக்கறார். சீக்கிரம் வாங்க சார்..."

அட்ரஸைச் சொன்னதும் லைன் கட்டானது.

நாகையா கையிலிருந்த ரொட்டியைப் பரிதாபமாகப் பார்த்தார். அவருடைய சர்வீஸில் எந்தக் குற்றவாளியும் அவரை ஒழுங்காகப் பசியாற விட்டதில்லை.

"புவான்...! பிரிக்பீல்ட்ஸ் ஹாஸ்டல்ல கேஸ்!"

உள் அறையிலிருந்து புவான், அதாவது மேடம், இன்ஸ்பெக்டர் சந்திரகலா தொப்பியோடு வெளியே வந்தாள். கிள்ளான்காரி. நெடுநெடுவென்று உயரம். அவள் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் இப்போது வெளியில் இல்லை, உள்ளே இருக்கிறார்கள்.

"செத்துட்டானா?"

"யாரு புவான்?"

"யாரோ ஒருத்தன். காலையிலேயே கூப்பிடுறாங்கன்னா சும்மாவா?"

ஜீப் கிளம்பியது.

* * *

அது 1993. கோலாலம்பூரில் நட்பு நாடுகள் இளையோர் விளையாட்டு விழா அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. ஓட்டம், நீச்சல், பூப்பந்து, இன்னும் என்னென்னவோ. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்.

ஊர் முழுக்க பேனர் தொங்கியது. 'சிறிய வயது, பெரிய கனவு!'

அந்த வாசகத்தில் எவ்வளவு தமாஷ் ஒளிந்திருக்கிறது என்று எழுதிய ஆசாமிக்கே தெரியாது. நமக்குப் போகப் போகத் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாணவர் விடுதியை வாடகைக்கு எடுத்து வெளிநாட்டுக் குழுக்களைத் தங்க வைத்திருந்தார்கள். ஜீப் அங்கே போய் நின்றபோது ஆம்புலன்ஸ் வெளியே போய்க்கொண்டிருந்தது. வாட்ச்மேன் பாக் சமாட், கெடாவிலிருந்து வந்த மலாய்க் கிழவர், நினைவில்லாமல் அதற்குள் கிடந்தார்.

கேட் ஓரமாகச் சிமெண்ட் தரையில் ரத்தம்.

அதன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். வெள்ளை ட்ராக் சூட், கழுத்தில் விசில், மார்பெல்லாம் ரத்தக் கறை.

"நீங்க?"

"தியாகராஜன், மேடம். சென்னை. வெற்றித் தென்றல் ஸ்போர்ட்ஸ் கிளப் மேனேஜர். வாட்ச்மேன் தலையை நான்தான் மடியில தாங்கிட்டிருந்தேன்."

"என்ன நடந்துச்சு?"

"எங்க டீம் பொண்ணு விசாலத்தைக் கடத்திட்டாங்க மேடம். என் கண்ணால பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"லாரி மேடம். நீலக் கலர் லாரி. ரெண்டு தடியனுங்க. ஒருத்தன் கையைப் பிடிச்சான், ஒருத்தன் காலைப் பிடிச்சான். அப்படியே தூக்கி உள்ளே போட்டானுங்க. தடுக்கப் போன வாட்ச்மேனை மண்டையிலேயே ஒரு போடு. அந்தப் பெரியவர் பாவம், நெனவு போற வரைக்கும் லாரி... லாரின்னு சொல்லிட்டே இருந்தாரு."

நாகையா எக்கிச் சந்திரகலாவின் காதில் சொன்னார்.

"லோரியைச் சொல்றாரு புவான். இந்தியாவுல லாரின்னுதான் சொல்வாங்க."

"தெரியும் சார்ஜன். நானும் வீடியோவுல படம் பாக்கிறவதான்." தியாகராஜன் பக்கம் திரும்பினாள். "பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினாறு மேடம். பச்சக் கொழந்த. இன்னிக்குச் சாயங்காலம் எண்ணூறு மீட்டர் ஃபைனல். தங்கம் அவளுக்குத்தான்னு பேசிக்கிட்டாங்க."

"சாயங்காலம்தானே ஓட்டம். விடியக்காலையில கேட்ல என்ன பண்ணுனா?"

"ப்ராக்டிஸ் மேடம். ஓடிட்டு வந்து எக்ஸ்ரேக்குப் போகணும்."

"எக்ஸ்ரேயா? காலு உடைஞ்சு போச்சா?"

"இல்ல மேடம். மணிக்கட்டு எக்ஸ்ரே. எலும்பைப் பாத்தா உண்மையான வயசு தெரியுமாம். வயசைக் குறைச்சுட்டு யாராவது வந்துட்டாங்களான்னு பாக்கப் போறாங்களாம். நேத்துச் சாயங்காலம்தான் திடீர்னு சொன்னாங்க." தியாகராஜன் மூக்கை உறிஞ்சினார். "சொல்லட்டுமே. நமக்கென்ன பயம்?"

சந்திரகலா உள்ளே போய்ப் பார்த்தாள். வரவேற்பு அறை மேசையில் ஒரு பெரிய வெள்ளிக் கோப்பை நின்றது. அதன் முகப்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்ன கப்?"

"நேர்மைக் கோப்பை மேடம்." அந்தத் துக்கத்திலும் தியாகராஜன் நிமிர்ந்தார். "ரொம்ப ஒழுக்கமான டீமுக்குக் கொடுப்பாங்க. நேத்துதான் எங்களுக்குக் கொடுத்தாங்க."

"ஏன் சுவத்தைப் பாத்து நிக்குது?"

"தொடைக்கிறவங்க திருப்பி வச்சிருப்பாங்க மேடம். கப்பா முக்கியம்? பொண்ணைக் கண்டுபிடிங்க..."

நியாயமான பேச்சு. சந்திரகலா வாக்கி டாக்கியை எடுத்தாள்.

* * *

அன்று காலை கிள்ளான் பள்ளத்தாக்கில் நீலக் கலர் லோரி ஓட்டிய ஒவ்வொருவரும் தன் ஜாதகத்தை நொந்துகொண்டார்கள்.

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணி லோரியை மடக்கி மூட்டைகளை எல்லாம் பிரித்துப் போட்டார்கள். 'பொண்ணைத் தேடுறீங்களா, புடவை எடுக்க வந்தீங்களா?' என்று முதலாளி கேட்டார். பத்துமலைக்குப் பந்தல் கம்பு ஏற்றிப் போன லோரி மாட்டியது. மீன் லோரி ஒன்றுக்குள் இறங்கித் தேடிய கான்ஸ்டபிளை அன்று முழுக்க யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை.

பெண் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செய்தியும் நல்லதாக இல்லை. பாக் சமாட்டை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போயிருந்தார்கள். பிழைப்பாரா என்று சொல்ல முடியாதாம்.

"அவர் போயிட்டார்னா இது கொலைக் கேஸ்," என்றாள் சந்திரகலா. "கடத்தல், கொலை, ரெண்டும். மாட்டினவன் கழுத்துக்குக் கயிறுதான்."

தியாகராஜன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தலை சுத்துது மேடம். காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூட..."

"வாங்க. சாப்பிட்டுக்கிட்டே வாக்குமூலம் சொல்லுங்க."

பிரிக்பீல்ட்ஸ் மூலைக் கடை. தியாகராஜன் துக்கத்தை அடக்கிக்கொண்டு இரண்டு தோசை, ஒரு வடை சாப்பிட்டார். அடங்காத துக்கத்துக்கு இன்னொரு தோசை சொன்னார். நாகையா தே தாரேக் டீயை ஆற்றிக்கொண்டே அந்த இலையை வேடிக்கை பார்த்தார்.

"நல்ல மனுசன் புவான்," என்று முணுமுணுத்தார். "கவலை வந்தா எனக்கும் இப்படித்தான் பசிக்கும்."

அப்போதுதான் அது நடந்தது.

பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்காரர் பொரித்த மீனோடு உட்கார்ந்திருந்தார். பேப்பரைப் புரட்ட ஒரு நிமிஷம் திரும்பினார். கடைப் பூனை தட்டிலிருந்த மீனைக் கவ்விக்கொண்டு எடுத்தது ஓட்டம்.

"ஓய்! லாரி! சுடா லாரி!" என்று அவர் கத்தினார்.

தியாகராஜன் துள்ளி எழுந்தார். சாம்பார் கிண்ணம் உருண்டது.

"லாரியா...? எங்க?"

ரோட்டைப் பார்த்தார். இரண்டு சைக்கிள், ஒரு டாக்ஸி. லாரி இல்லை.

கடையே சிரித்தது. தியாகராஜனும் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்து தோசையைத் தொடர்ந்தார்.

சந்திரகலா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனாள். கண்ணால் கூப்பிட்டாள். நாகையா பின்னாலேயே போனார்.

"சார்ஜன், அந்த ஆள் என்னன்னு கத்தினாரு?"

"லாரின்னாரு. பூனை ஓடிப் போச்சுல்ல? மலாய்ல லாரின்னா ஓடுறது."

"லோரிக்கு மலாய்ல என்ன?"

"லோரிதான் புவான். இதுகூடவா..." நாகையாவின் வாய் அப்படியே திறந்து நின்றது.

"பாக் சமாட் கெடாக்காரரு. பொறந்ததிலேயிருந்து மலாய்தான் பேசுறாரு. மண்டை உடைஞ்சு சாகப் போற நேரத்துல அவரு எதுக்கு மெட்ராஸ் தமிழ்ல லாரின்னு சொல்லணும்?"

"சொல்ல மாட்டாரு."

"ஓடுன்னு சொல்லியிருக்காரு. அந்தப் பொண்ணைப் பாத்து, ஓடு... ஓடு... அதைக் கேட்டு நம்ம மேனேஜர் லோரின்னு நெனச்சுட்டாரு."

"அட, காதுல தப்பா விழுந்துடுச்சு. பாவம் புவான், அவர் மேல என்ன குத்தம்?"

"காதுல தப்பா விழலாம் சார்ஜன். கண்ணுல எப்படி விழும்? நீலக் கலர் லோரி, ரெண்டு தடியன்னு பாத்த மாதிரி சொன்னாரே. இல்லாத லோரிக்கு யாரு பெயின்ட் அடிச்சது?"

நாகையா மெல்லத் திரும்பித் தியாகராஜனைப் பார்த்தார். மனுஷர் சட்னியை வழித்துக்கொண்டிருந்தார்.

"கெழவனை அடிச்சது..."

"பொண்ணு யாருக்குப் பயந்து ஓடுனாளோ, அவன். லோரியே கிடையாது. ரோட்டுல இருக்கிற நம்ம ஆளுங்களை எல்லாம் கூப்பிடுங்க. லோரியைத் தேடாதீங்க, தனியா ஓடிப் போன பொண்ணைத் தேடுங்கன்னு சொல்லுங்க."

நாகையா வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டு போனார். அதற்குள் அது தானாகவே கரகரத்தது.

"புவான்... பந்திங் ரோட் ப்ளாக்! நீலக் கலர் லோரி மாட்டிடுச்சு! உள்ள பொண்ணு இருக்கு, உயிரோட! டிரைவரை அமுக்கிட்டோம்!"

சந்திரகலா அப்படியே நின்றாள்.

இவ்வளவு அழகாக யோசித்து இல்லை என்று முடிவு கட்டின லோரி, பந்திங்கில் வந்து நிற்கிறது! அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்பதில் நிம்மதியாகவும் இருந்தது.

மேசைக்கு வந்தாள்.

"மிஸ்டர் தியாகராஜன், விசாலம் கிடைச்சுட்டா. பந்திங்ல. நீலக் கலர் லோரியில."

தியாகராஜன் கையிலிருந்த தோசை இலையில் விழுந்தது. முகத்தில் சந்தோஷம் வரவில்லை. வெளுத்துத்தான் போனது.

"லாரி..." என்றார் மெதுவாக. "நெஜமாவே லாரி இருந்துச்சா?"

சந்திரகலா நாகையாவைப் பார்த்தாள். நாகையா சந்திரகலாவைப் பார்த்தார்.

"சாப்பிட்டது போதும் சார்," என்றாள் அவள். "ஜீப்ல ஏறுங்க."

* * *

பந்திங் ரோடு. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். நடுவில் நீலக் கலர் லோரி, பின்னால் செம்பனைக் குலைகள்.

தார் ரோட்டில் ஒரு இளைஞன் குப்புறக் கிடந்தான். கைகள் பின்னால் விலங்கோடு. உதடு கிழிந்திருந்தது.

ட்ராக் சூட் போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி அவன் பக்கத்தில் மண்டியிட்டு, கான்ஸ்டபிளின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"அவரை அடிக்காதீங்க சார். அவர் ஒண்ணும் பண்ணல..."

தியாகராஜன் ஜீப்பிலிருந்து இறங்கினார். லோரியைப் பார்த்தார். விலங்கு போட்டவனைப் பார்த்தார். அவருக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஆண்டவனே பார்த்து ஒரு குற்றவாளியை ரெடிமேடாக அனுப்பி வைத்திருக்கும்போது வேண்டாம் என்பாரா?

"இவன்தான் மேடம்! இவன்தான் தூக்கினான். வாட்ச்மேனை அடிச்சதும் இவனேதான். நான் எந்தக் கோர்ட்லயும் வந்து சொல்றேன்."

"ஐயோ சார்..." பெண் அலறினாள். "இப்படிப் பொய் சொல்றீங்களே!"

சந்திரகலா அவள் முன் குனிந்தாள்.

"உன் பேரு என்ன?"

"விசாலம்."

"இவன் யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"என்னது...?"

விலங்கு போட்டவன் தரையிலிருந்து தலையைத் தூக்கினான். "புவான், என் பேரு வாசு. பந்திங்காரன். தோட்டத்துக்கு லோரி ஓட்டுறேன். இது என் பொண்டாட்டி. புதுக்கோட்டைக்குப் போய்க் கட்டிக்கிட்டு வந்தேன். மூணு வருசமா விசாவுக்கு அலையுறேன், கிடைக்கல. இன்னிக்குத்தான் புவான் கண்ணுல பாத்தேன். ஒரு டீ வாங்கிக் கொடுக்கிறதுக்குள்ள..."

"நம்பாதீங்க மேடம்," என்று தியாகராஜன் குறுக்கே வந்தார். "பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கு. பாருங்க. பதினாறு வயசு! மூணு வருஷத்துக்கு முன்னாடி கல்யாணம்னா பதிமூணு வயசுலயா?"

பாஸ்போர்ட்டில் பிறந்த வருஷம் 1977. சந்தேகமே இல்லை.

"வாசு, நல்லா கேட்டுக்க." சந்திரகலாவின் குரல் கடினமாக இருந்தது. "பதினாறு வயசுப் பிள்ளையை, அதுவா வந்திருந்தாலும், கூட்டிட்டுப் போறது குத்தம். அங்க ஒரு மனுசன் உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்காரு. அவரை நீதான் அடிச்சேன்னு சாட்சி இருக்கு. உன் கழுத்துல கயிறு விழப் போவுது."

வாசு தலையைத் திருப்பினான். விசாலத்தைத்தான் பார்த்தான்.

விசாலம் தியாகராஜனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே மிரட்டினார். அவர் சொல்லாமல் சொன்னது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. பதினாறு என்று சொன்னால் அவள் பாவப்பட்ட குழந்தை, இந்த விழாவில் இதுவரை வாங்கின மெடல் எல்லாம் அவளுடையது, பத்திரமாக ஊருக்குப் போகலாம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரி. மெடல் போகும். இனி ஜென்மத்துக்கும் எந்த மைதானத்திலும் கால் வைக்க முடியாது. ஜெயில்கூட இருக்கலாம்.

கீழே தார் ரோட்டில் வாசு கிடந்தான்.

"இருபத்து மூணு," என்றாள் விசாலம்.

"பயத்துல உளர்றா மேடம்..."

"இருபத்து மூணு வயசு எனக்கு. இவர்தான் ஸ்கூல் சர்ட்டிபிகேட்டை மாத்தி பாஸ்போர்ட் எடுத்தார். பாக்கச் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கேன்னு சொன்னார். நானும் ஒத்துக்கிட்டேன். போட்டி எங்கன்னு கேட்டேன், கோலாலம்பூர்னார். அதுக்கு மேல எதுவும் கேக்கல."

ட்ராக் சூட் கழுத்துக்குள் கையை விட்டாள். உள்ளே பனியனோடு சேஃப்டி பின் போட்டு மறைத்திருந்ததை வெளியே இழுத்தாள். மஞ்சள் கயிறு. அதில் தாலி.

"அடப்பாவி!" தியாகராஜன் வாசுவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "காலைல கடத்திட்டுப் போய் மிரட்டித் தாலியே கட்டிட்டான் மேடம்!"

ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

சந்திரகலா அந்தக் கயிற்றை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

"காலையில கட்டின கயிறு வேர்வையில இவ்வளவு கறுத்துப் போகுமா சார்?"

"அது... மந்திரிச்ச கயிறு மேடம். முன்னாடியே போட்டிருந்தா. அதுலயே தாலியைக் கோத்திருப்பான்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். பாஸ்போர்ட் வேறு அவர் பக்கம் பேசியது. விசாலத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது.

பிறகு ட்ராக் சூட் கையைச் சுருட்டி, இடது மணிக்கட்டைச் சந்திரகலா முன்னால் நீட்டினாள்.

"எக்ஸ்ரே எடுங்க மேடம்."

"வேணாம்!" என்று கத்தியது தியாகராஜன். "அதெல்லாம் எதுக்கு...? கொழந்த பயந்துக்கும்..."

"அவளே கேக்குறா சார்," என்றாள் சந்திரகலா. "வேர்க்கிறது உங்களுக்கு."

* * *

பந்திங் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே பிலிமை விளக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது பதினாறு வயசா? யாரு சொன்னா? எலும்பு வளர்ந்து முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. இருபதுக்குக் கொறையாது."

வாசுவின் கையிலிருந்து விலங்கு கழன்றது. தியாகராஜனின் கையில் ஏறியது. புதிதாக ஒன்று வாங்கும் செலவு சர்க்காருக்கு மிச்சம்.

"சொல்லும்மா," என்றாள் சந்திரகலா. "கேட்ல என்ன நடந்துச்சு?"

"நேத்து எக்ஸ்ரேன்னு சொன்னதும் சார் பயந்துட்டார் மேடம். வயித்து வலின்னு படுத்துக்கோ, நாளைக்கே உன்னை பிளேன் ஏத்திடறேன்னார். பிளேன் ஏறிட்டா இவரை எப்படிப் பாக்கறது? போன் பண்ணிச் சொன்னேன். காலைல கிள்ளான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு, லாரியோட நிக்கறேன்னார். விடிஞ்சதும் பையை எடுத்துட்டுக் கிளம்பினேன். சார் பாத்துட்டார். நான் போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்னு நெனச்சுட்டார் போல. முடியைப் பிடிச்சு இழுத்தார்."

"பாக் சமாட் வந்து தடுத்தாரா?"

"ஆமா மேடம். சார் ஓடிப் போய் மேசை மேல இருந்த கப்பைத் தூக்கிட்டு வந்து பெரியவர் தலையில..." அவள் தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினாள். "விழுந்துட்டார். விழுந்தும் என்னைப் பாத்து லாரி லாரின்னு கத்தினார்."

"ஓடுன்னு சொல்லியிருக்காரு."

விசாலம் விழித்தாள். "ஓடுன்னா?"

"லாரின்னா மலாய்ல ஓடு. உனக்குத் தெரியாதா?"

"தெரியாதே மேடம்! என் வீட்டுக்காரர் லாரி இங்கேயே வந்துடுச்சு, அதைத்தான் காட்டறார்னு நெனச்சேன். லாரியைத் தேடிக்கிட்டே ஓடினேன். கடைசி வரைக்கும் லாரி வரல. பஸ் ஏறித்தான் கிள்ளானுக்கு வந்தேன்."

நாகையா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கிழவர் மலாயில் கத்தினார், அவள் தமிழில் கேட்டாள், இருந்தும் காரியம் நடந்துவிட்டது. மொழிபெயர்ப்பு இலாகாவில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

தியாகராஜன் மூலையில் உட்கார்ந்து முனகினார். "லாரின்னு அவர் வாயால சொன்னாரு மேடம். சரி, லாரியையே சொல்லிடுவோம்னு..."

"தெரியுது. பாவம், அவர் மலாயில சொன்னதை மெட்ராஸ் தமிழ்னு எடுத்துட்டீங்க."

* * *

சாயங்காலம்.

நல்ல சேதி முதலில். பாக் சமாட் கண் விழித்தார். தலையில் பெரிய கட்டோடு, அந்தப் பெண் ஓடிவிட்டாளா என்றுதான் முதலில் கேட்டாராம். ஓடிவிட்டாள் என்று சொன்னதும் மறுபடி தூங்கிப் போனார்.

நேர்மைக் கோப்பையைச் சுவர்ப் பக்கமிருந்து திருப்பினார்கள். 'நேர்மை' என்று செதுக்கியிருந்த இடத்தில் சரியாக ஒரு ஒடுக்கு. உள்விளிம்பில் துடைக்க மறந்த ரத்தம்.

ஸ்டேடியத்தில் எண்ணூறு மீட்டர் ஃபைனல் நடந்தது. எட்டுப் பேர் ஓட வேண்டியது. எக்ஸ்ரே என்றதும் மற்ற குழுக்களிலும் நாலு பேருக்குத் திடீரென்று வயிற்று வலி. ஓடியது மூன்றே பேர். நிஜமாகவே பதினைந்து வயதான ஒரு குட்டிப் பெண் ஜெயித்துவிட்டு, மெடலைவிட ஐஸ் கச்சாங் எங்கே கிடைக்கும் என்பதில் அக்கறையாக இருந்தாள்.

விசாலத்தின் மெடல்களைப் பறித்துக்கொண்டார்கள். அவளே பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். வாசுவோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்து என்னவோ என்று காத்திருந்தாள்.

"புவான்..." வாசு தயங்கித் தயங்கிக் கேட்டான். "இவளை எப்ப ஊருக்கு அனுப்புவாங்க?"

"அனுப்ப முடியாது."

"ஆங்...?"

"இவதான் மெயின் சாட்சி. சாட்சி நாட்டை விட்டுப் போகக் கூடாது. கேஸ் முடியுற வரைக்கும் உன் வீட்டுலதான் இருக்கணும். பாஸ்போர்ட் தப்புக்கு அவ மேலயும் ஒரு கேஸ் வரும், சமாளிங்க."

"கேஸ் எப்ப முடியும் புவான்?"

"கோர்ட்டு கேஸ் பா. சட்டுனு முடியுமா?" சந்திரகலாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். "அதுக்குள்ள உண்மையான வயசைப் போட்டு ஒழுங்கா விசாவுக்கு எழுது."

மூன்று வருஷம் அலைந்து கிடைக்காததை ஒரு வெள்ளிக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டது. விசாலம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாசுவும் அழுதான், கிழிந்த உதடு வலிக்க வலிக்க.

வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம்.

லாக்கப் கதவைத் திறந்தார்கள். தியாகராஜன் எழுந்திருக்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வர மாட்டேன்! எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"ஜெயிலுக்கு. வண்டி வந்துடுச்சு," என்றாள் சந்திரகலா.

தியாகராஜன் எட்டிப் பார்த்தார்.

வாசலில் போலீஸ் லோரி நின்றது. நீலக் கலர்.

இரண்டு தடியான கான்ஸ்டபிள்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தன் கையைப் பிடித்தான். ஒருத்தன் காலைப் பிடித்தான். அப்படியே தூக்கி உள்ளே போட்டார்கள்.

நாகையா காலையில் விட்ட ரொட்டி சானாயை ஒருவழியாக வாயில் போட்டுக்கொண்டே பின்கதவைச் சாத்தினார்.

"காலையில நீங்க சொன்ன மாதிரியே நடந்துடுச்சு சார். சாட்சின்னா இப்படி இருக்கணும்! லோரியிலேயே ஒழுங்கா உக்காருங்க... லாரி பண்ணிடாதீங்க லா!"